வழக்கத்தைத் தீர்ப்பிடலாமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்றிருக்கிறது.

"இன்னொருவர் பண்பாட்டைச் சரி, தவறு என்று சொல்ல நாம் யார்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சம் நியாயமானது. 1550-51இல் ஸ்பெயினின் வயாடோலிட் நகரில் நடந்த விவாதத்தையே எடுத்துக்கொள். அமெரிக்கப் பழங்குடிகள் நரபலி கொடுக்கிறார்கள், அதனால் போர் தொடுத்து அவர்களை அடக்கலாம் என்று வாதிட்டார் செபுல்வேதா என்ற அறிஞர். லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் அதை எதிர்த்து நின்றார். ஒழுக்கத்தின் பெயரால் நிலம் பறிக்கப்பட்டது அங்கே மட்டும் நடந்ததல்ல. 1947இல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு, ஒரு பண்பாட்டின் அளவுகோலால் இன்னொன்றை அளக்க முடியாது என்று ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு எழுதியதும் ஏறக்குறைய உன் கவலையால்தான்.

ஆனால் "அவர்கள் பண்பாடு" என்று மொத்தமாகச் சொல்லும்போது, அதற்குள் முரண்பட்டு நிற்கும் மனிதர்களை விட்டுவிடுகிறோம். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓர் ஓட்டும் விழவில்லை; 8 நாடுகள் விலகி நின்றன. சவூதி அரேபியா விலகியதற்கு ஒரு காரணம், மதம் மாறும் உரிமையைச் சொல்லும் 18ஆம் பிரிவு. அதே பிரிவை ஆதரித்துப் பேசினார் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் சஃபருல்லா கான். அவர் ஆதாரம் காட்டியதும் குர்ஆனைத்தான். இந்த இருவரில் யாருடைய முடிவை அந்தப் பண்பாட்டின் முடிவு என்பாய்? தென்னாப்பிரிக்காவும் விலகி நின்றது. அந்த ஆண்டுதான் அங்கே நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. கறுப்பின மக்களைக் கேட்டா அந்த முடிவை எடுத்தார்கள்? முன்பு தயங்கிய அதே அமெரிக்க மானுடவியல் சங்கமும் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்துத் தனிப் பிரகடனம் வெளியிட்டது.

மனிதர்கள் சமம் என்பதால் அவர்கள் நம்புவதெல்லாம் சமமாகிவிடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒருவர் மனத்துக்குள் வைத்திருக்கும் நம்பிக்கையைத் தொட எனக்கு உரிமையில்லை. அது இன்னொருவர் உடம்பின்மேல், வாழ்வின்மேல் ஏறும்போது கேட்க உரிமை உண்டு. சுமை யார்மேல் விழுகிறது, மறுத்தால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்பேன்.

சீனத்தில் பெண்குழந்தைகளின் பாதங்களைக் கட்டிக் குறுக்கிய தாய்மார்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். கட்டாவிட்டால் மகளுக்குத் திருமணம் ஆகாது என்று பயந்தார்கள். அவர்களை இழிவாகப் பேசுவோரோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்த வழக்கம் தவறுதான். அதைச் சொன்னவர்களில் சீனச் சீர்திருத்தக்காரர்களும் இருந்தார்கள். மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கவும் மாட்டோம் என்று குடும்பங்கள் கூடி உறுதி எடுத்தன. அந்த அச்சத்தின் வேரையே அது அறுத்தது. அவர்கள் தம் வழக்கத்தைத் தாமே எடைபோட்டார்களே, அதை வெளியிலிருந்து ஆதரிப்பவன் ஆக்கிரமிப்பாளன் ஆகிவிடுவானா?

"விரும்பித்தானே ஏற்கிறார்கள்" என்பாய். மறுக்க வழியிருந்தும் ஒருவர் ஏற்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். மறுத்தால் வீடும் உறவும் போகும் என்ற நிலையில் சொல்லப்படும் சம்மதத்தை என்னால் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. பெற்றோர் தம் நம்பிக்கையில் பிள்ளையை வளர்க்காமல் இருக்க முடியாது. அந்த உரிமை எந்த வயதில், எந்த இடத்தில் முடிகிறது? நீ ஆசிரியராக இருந்தவன், என்னைவிட அதிகம் பார்த்திருப்பாய். அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்