'சொல்' ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். விடைத்தாள்களில் அதிகமாகச் சுழித்தது 'ஹீ செட் மீ' என்ற வாக்கியத்தைத்தான். அடுத்தது 'ஹீ டோல்ட் டு மீ'.

கவனக்குறைவு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சொன்னான்னு ஒரே வார்த்தைதானே டீச்சர், இங்கிலீஷ்ல மட்டும் ஏன் ரெண்டு?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நம் 'சொல்' அங்கே 'சே', 'டெல்' இரண்டுக்கும் நிற்கிறது. 'பேசு' என்பது 'ஸ்பீக்', 'டாக்' இரண்டுக்கும். பிள்ளைகள் எதை வைத்துப் பிரிப்பார்கள்?

அதன் பிறகு அர்த்தம் எழுதிப்போடுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் எந்தச் சொல் வந்து உட்காருகிறது என்று பார்க்கச் சொன்னேன். 'டெல்' வந்தால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும், நடுவில் 'டு' கூடாது: 'டெல் மீ', 'டோல்ட் ஹெர்'. 'சே'வுக்குச் சொன்ன செய்தி போதும். ஆளையும் சேர்த்தால் 'டு' போட வேண்டும். 'டெல் எ லை', 'டெல் த ட்ரூத்' போன்றவற்றை மட்டும் அப்படியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஸ்பீக்', 'டாக்' இவ்வளவு படுத்துவதில்லை. மொழியின் பெயர் வந்தால் 'ஸ்பீக்', நண்பர்களோடு உட்கார்ந்து பேசினால் 'டாக்'.

பெரியவர்களும் தப்புவதில்லை. அலுவலகக் கடிதங்களில் 'டிஸ்கஸ் அபவுட்' சர்வ சாதாரணம். 'பற்றி' என்று தமிழில் நினைத்து 'அபவுட்' போடுகிறோம். 'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது. 'எனக்கு விளக்குங்கள்' என்பது 'எக்ஸ்பிளெயின் மீ' ஆகிவிடுகிறது. அங்கேதான் 'டு' வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியை நாம் நடத்தும் விதம். 'செட் டு' வந்தால் 'டோல்ட்' ஆக்கு என்று சூத்திரமாகக் கொடுக்கிறோம். பிள்ளை முழு மதிப்பெண் வாங்குகிறது. அப்புறம் வாயைத் திறந்தால் பழையபடி 'டோல்ட் டு மீ'.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு வினைச்சொல்லைத் தமிழோடு ஒப்பிட்டு எழுதச் செய்யுங்கள். 'கேள்' என்பதிலிருந்தே தொடங்கலாம். அந்த ஒரு சொல் அங்கே 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிசன்' என்று மூன்றாகப் பிரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருவாரூர்.