பாப்புவுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? உன் பள்ளியில் ஆசிரியர்களே உன்னைக் கண்டால் நடுங்குகிறார்களாமே, சரசு சொன்னாள். எட்டாம் வகுப்பு லீடராக எங்களை மிரட்டியவள் இன்னும் மாறவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் மகள் பாப்பு வேலையை விட்டுவிட்டாள். சாப்பிடக்கூட அறையை விட்டு வருவதில்லை. "என்னை ஏன் பிழைக்க வெச்சீங்க?" என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறாள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். யாராவது கூடவே இருக்கிறோம்.

ஏழு வயதில் அவளுக்குச் சிறுமூளையில் கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய். ஆபரேஷன், தலைக்கும் தண்டுவடத்துக்கும் ரேடியேஷன், கீமோ எல்லாம் உனக்குத் தெரியும். ஸ்கேன் சுத்தமாக வந்ததும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். ஊரைப் பொறுத்தவரை அன்றோடு நோய் முடிந்தது. பிறகு மறதி, சோர்வு என்று போனபோதெல்லாம், "கட்டிதான் போயிடுச்சே, அப்புறம் என்ன?" என்றார் பழைய டாக்டர். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ரேடியேஷன் வளரும் மூளையின் வெண்பொருளை, அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளை, பாதிக்குமாம். படித்தது மறந்துபோகிறது என்பதைவிட, புதியதைப் பிடிக்கும் வேகம் குறைகிறது. கூடப் படித்தவர்கள் வருடா வருடம் முன்னே போய்விடுகிறார்கள். சிறுமூளை நடைக்கும் சமநிலைக்கும் மட்டும்தான் என்று நாம் படித்தோமே, சிந்தனையிலும் உணர்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு என்று ஷ்மாமன் என்ற நரம்பியல் மருத்துவர் 1998இலேயே சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். கீமோவில் கொடுத்த சிஸ்பிளாட்டின் மருந்து காதையும் பாதிக்கும். கூட்டத்தில் பேச்சு சரியாகக் கேட்காமல் அவள் பேசாமல் இருந்தாள். அதைத் திமிர் என்றார்கள், மல்லிகா! இருபத்திரண்டு வயதில் அவளுக்குத் தோழி என்று ஒருத்தி இல்லை.

புது மருத்துவர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். ரேடியேஷனுக்குப் பிறகு அது குறைந்தால் மனச்சோர்வு போலவே தெரியுமாம். குறைவாகத்தான் இருந்தது, மாத்திரை தொடங்கியாயிற்று. ஆனால் மனச்சோர்வும் தனியாக இருக்கிறது. அதற்கு வாராவாரம் கவுன்சலிங்.

இப்போது உன்னிடம் கேட்பது: அவள் கொஞ்சம் தேறியதும், மருத்துவர் சரி என்றால், உன் பள்ளி நூலகத்தில் அரைநாள் வேலை கொடுப்பாயா? சத்தமில்லாத இடம். ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அருமையாகச் செய்வாள். அவசரப்படுத்தக் கூடாது. "நீ பிழைச்சதே பெரிசு" என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அண்ணன் பக்கத்தில் இருப்பார், அவரிடமும் பேசு. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ அதட்டினால் கேட்பார்.

அன்புடன்,
வசந்தி