ரீகல் யாருடைய தியேட்டர்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கொழும்பு ரீகல் தியேட்டர் போட்டோவைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் கட்டினதா அப்பா என்று கேட்டிருந்தாய். முகப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதை நடத்திய சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியை 1928இல் தொடங்கியவர் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர், நம் தமிழர். அந்தத் தெருவுக்கே இப்போது அவர் பெயர்தான்.

அதற்காக ரீகலில் தமிழ்ப் படம் ஓடியது என்று நினைத்துவிடாதே. அந்த நாளில் கொழும்பில் தியேட்டர் பெயரைச் சொன்னாலே என்ன பாஷைப் படம் என்று விளங்கிவிடும். ரீகல், மெஜஸ்டிக், சவோய், லிபர்ட்டி என்றால் இங்கிலீஷ். தமிழுக்கு நாங்கள் கொட்டாஞ்சேனை செல்லமஹால் பக்கம் போவோம். படத்தை இறக்குமதி செய்வதும், ஊருக்குள் விநியோகிப்பதும், தியேட்டர் நடத்துவதும் இரண்டு மூன்று கம்பெனிகள்தான். குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட் அதில் ஒன்று. முதலாளி தமிழரோ யாரோ, வசூல் சொன்னபடிதான் படம் ஓடும்.

சிங்களப் படத்தின் பாடும் சுகமில்லை. முதல் சிங்களப் பேசும் படமே 1947இல்தான் வந்தது. அதை எடுத்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்தது மதுரை ஸ்டூடியோவில்! அதனால்தான் 1956 டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய சிங்களப் படம் 'ரேகாவ' ரீகலில் முதலில் திரையிடப்பட்டதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, கிராமத்து வெயிலில் எடுத்த படம். அடுத்த வருடம் பிரான்ஸின் கான் திரைப்பட விழா வரை போனது. இங்கே வசூல் இல்லை. நான் அப்போது சின்னப் பெடியன், பிற்காலத்தில்தான் பார்த்தேன்.

நாங்கள் போனது கலரிக்கு, அதுதான் மலிவு டிக்கெட். கையில் ஒரு கச்சான் சரை, வேர்க்கடலைப் பொட்டலம். முதலில் அரசாங்கத்தின் செய்திப்படம் போடுவார்கள். மந்திரி ரிப்பன் வெட்டிப் பேசி முடிக்க முன்பே கச்சான் தீர்ந்துவிடும். அப்புறம் படம் முடியும்வரை கை சும்மா.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. உள்ளூர்ப் படத்துக்கு இடம் வேண்டும் என்ற நியாயம் சரிதான். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: முதலாளி லாபத்துக்காகவாவது கலரிக்காரனின் விசிலுக்குக் காது கொடுப்பான்.

1983 ஜூலை இனக்கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தலையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். தமிழனின் சொத்து என்றுதான் தீ வைத்தார்கள். உள்ளே எரிந்த நெகட்டிவ்களோ சிங்களப் படங்களுடையவை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வரும்.

செல்லமஹால் கதை வேண்டுமென்றால் உன் பெரிய மாமாவுக்கு போன் எடு. பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட அங்கே போனதுதான் அவருக்கு அதிகம். அம்மா சுகம் கேட்டாள்.

அன்புடன்,
அப்பா