வீட்டில் இருந்தும் நான் 'ஆள் இல்லை': எங்கள் அடுக்கக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மின்தூக்கிக்குள் ஒட்டியிருக்கும் உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பெட்டி வைப்பீர்களாம். குடும்பத்தாரின் நுழைவு அட்டையும் கைப்பேசியும் வெளியே போய்விட்டதைக் கண்டால் அது குளிர்சாதனத்தைத் தானே அணைத்துவிடுமாம். கோலாலம்பூரில் 32 ஆண்டுகள் குளிர்சாதனம் மாட்டியும் கழுவியும் பிழைத்தவன் நான். ஆளில்லாத அறையில் காம்பிரசர் ஓடும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். ஆகவே உங்கள் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 'ஆள் இல்லை' என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்பதில்தான் சண்டை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்கழியில் கிளாஸ்கோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே கதை தலைகீழ். எரிவாயுக் கொதிகலன் தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சுடுநீர் சுவரோரத்து ரேடியேட்டர்களுக்குள் ஓடி வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கும். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பி, அவர்களுடைய கைப்பேசிகள் தெருவைத் தாண்டியதும், 20 டிகிரியில் இருந்த வீடு 15ஐ நோக்கி இறங்கத் தொடங்கும். முழுவதுமாக அணையாது. அணைந்தால் கடுங்குளிர் நாளில் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். தொழில்காரனாயிற்றே, முதலில் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணிக்கு இரண்டு கம்பளிக்குள் சுருண்டபோதுதான் உறைத்தது: என் கைப்பேசியை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. மகளை அழைத்து, "ஏம்மா, உன் வீடு என்னை ஆளாகவே மதிக்கவில்லையே" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அலுவலகத்திலிருந்து வெப்பத்தைக் கூட்டிவிட்டாள்.

அங்கே அது சிரிப்போடு போயிற்று. நம் கட்டடத்தில் பகலில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் மாமியாருக்கு 81 வயது. அவரிடம் கைப்பேசியும் இல்லை, நுழைவு அட்டையும் இல்லை. நாங்கள் இல்லாமல் அவர் கீழே இறங்குவதும் இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி விட்டு வந்ததும் அத்தை வீட்டில் படுத்து உறங்குவார்கள். மேற்குப் பார்த்த வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. அந்த நேரத்தில் உங்கள் பெட்டி 'ஆள் இல்லை' என்று அணைத்துவிட்டால், ரிமோட்டை எப்படி அழுத்துவது என்று தெரியாத மூதாட்டி என்ன செய்வார்?

கைப்பேசி வேண்டாம், அசைவு உணரியை வைப்போம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பரவலாக விற்கப்படும் மலிவான உணரி, உடற்சூடு இடம்பெயர்வதைத்தான் பார்க்கும். இரவுப் பணி முடித்துப் பகலில் அடித்துப்போட்டதுபோல் உறங்கும் தாதி அதன் கண்ணுக்குச் சுவரும் கட்டிலும் போலத்தான்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சும். குளிர்சாதனம் கேட்டதா கேட்கவில்லையா என்று அதற்குத் தெரியாது. இடையில் ஒரு திரைச்சீலை தொங்கினாலே போதும், அணைத்துவிட்டதாக அது நம்பிக்கொண்டிருக்க, குளிர்சாதனம் மாலைவரை ஓடும். அதற்காக மெயின் சுவிட்சிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். நின்ற காம்பிரசரை உடனே மறுபடி ஓட விடக் கூடாது; மூன்று நிமிடமாவது ஓய்வு வேண்டும். அதை மதிக்காதவர்கள் கொடுத்த கூலியில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள் என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

சுற்றறிக்கைக்குக் கீழே யாரோ பேனாவில், 'அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிக மின்சாரம்' என்று எழுதியிருக்கிறார். அது தவறு. வெளியே 33, உள்ளே 24 என்றால் அந்த 9 டிகிரி வித்தியாசம்தான் வெப்பத்தை ஓயாமல் உள்ளே தள்ளுகிறது. அணைத்துவிட்டால் வித்தியாசம் சுருங்கும், உள்ளே வரும் வெப்பமும் குறையும். திரும்பி வந்து குளிரவைக்கும் செலவு, நாள் முழுக்க ஓடவிடும் செலவைவிடக் குறைவு. குளிர்நாட்டுக் கணப்புக்கும் இதே கணக்குதான். நாளுக்கு எட்டு மணி நேரம் 7 முதல் 10 பாரன்ஹைட் டிகிரி வரை மாற்றி வைத்தால் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு வரை மிச்சமாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

'வீடு திரும்பும் முன்பே குளிர்வித்து வைக்கும்' என்றும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டண முறையில், நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடிய நேரம். வெறும் வீட்டை ஐந்தரை மணிக்கே குளிர்விக்கத் தொடங்கினால் அந்தக் காசு யாருடையது?

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறு. எந்த வீட்டில் ஆள் இல்லை என்ற பட்டியல் காவலர் அறைத் திரையில் ஓடப்போகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கூடத்து விளக்கை எரியவிட்டு, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம். காவலர்கள் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டியல் மீதுதான் சந்தேகம்.

பணமும் அடுக்ககத்தின் சேமநிதியிலிருந்து என்கிறீர்கள். 2013ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டப்படி அந்த நிதி பொதுச் சொத்துக்கானது. என் படுக்கையறை பொதுச் சொத்து அல்ல.

பொதுச் சொத்தில் தொடங்குவதென்றால் முதல் மாடிப் பல்நோக்கு மண்டபம் இருக்கிறதே! சென்ற வியாழக்கிழமை காலை எட்டிப் பார்த்தேன். ஒரு நாற்காலிகூட விரிக்கவில்லை. ஆனால் கூரையில் நான்கு குளிர்சாதனங்கள் 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். அணைக்கலாமே என்றேன். ரிமோட் அலுவலகத்தில் பூட்டி இருக்கிறது என்றார்.

முதலில் மண்டபத்தையும் உடற்பயிற்சி அறையையும் தானியங்கியாக்கி, ஆறு மாத மின்கட்டணத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வீடுகளுக்கு, விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரட்டும். ஆள் இல்லை என்று தோன்றினால் பெட்டி உடனே அணைக்காமல் 28க்கு ஏற்றட்டும். ஒரு மணி நேரம் கழித்து அணைக்கட்டும். வீட்டுக்குள் யாராவது ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் அன்று முழுவதும் அது வாய் திறக்கக் கூடாது. வெறும் வீட்டில் பெட்டி ஏமாந்தால் சில ரிங்கிட்தான் நட்டம்; ஆள் இருக்கும் வீட்டில் ஏமாந்தால் அவதிப்படுவது மனிதர். விவரம் எதுவும் வீட்டுக்கு வெளியே போகக் கூடாது.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கருவிப் பெட்டியோடு மண்டப வாசலில் நிற்பேன். கூலி வேண்டாம். அந்த ரிமோட்டை மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் மாடிக் குடியிருப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்