அப்பாவுக்கு இரண்டு பேணி

கோண்டாவில்,
ஆடி 12

அன்புள்ள தம்பி,

நாங்கள் இங்கே சுகம். உன் சுகமும் பிள்ளையின் சுகமும் அறிய ஆவல். காசு கிடைத்தது. மாதம் பிறந்தால் நீ ஒரு நாளும் பிந்தியதில்லை. அதை ஒழுங்கையில் காண்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். ஆனால் காசோடு இரண்டு சொல்லும் வந்தால் என்ன? நாலு ஞாயிறாக உன் குரல் இல்லை. வேலை கூட என்று மருமகள் சொன்னார். போன கிழமை அவர்தான் எடுத்து அம்மாவோடு கதைத்தவர். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கலியாணம் கட்டி 11 வருடத்தில், உன்னைப் பற்றி ஒரு குறையாவது சொல்லாமல் அவர் ரெலிபோனை வைத்தது இதுதான் முதல் தடவை. அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

சரி, அதை விடு. நான் எழுத வந்தது ஒரு பந்து விளையாட்டைப் பற்றி.

பேரன் என்னிடம் ஒரு வேலை தந்திருக்கிறான். உனக்குச் சொன்னானோ தெரியாது. "அப்பப்பா, ரெண்டு பேர் மட்டும் விளையாடுற பந்து விளையாட்டு ஒண்டு சொல்லுங்கோ, வெளியில விளையாடுறது" என்று கேட்டான். நான் பேணிப்பந்து சொன்னேன், அதற்கு இரண்டு பக்கமும் கனபேர் வேண்டும். பந்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கிளித்தட்டும் சொன்னேன், அதற்கு ஒரு பட்டாளமே வேண்டும். "ஏன் ரெண்டு பேர், கூட்டாளிமார் இல்லையோ?" என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் மட்டும்தான் பார்க்குக்குப் போறனாங்கள்" என்றான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிந்திப் போகாதே. பிள்ளை வாசலில் சப்பாத்தோடு நிற்பான்.

32 வருடம் றோட்டும் மதகும் போட்ட ஓவசியருக்கு இரண்டு பேர் விளையாட ஒரு விளையாட்டுக் கட்டுவது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று கிழமை எடுத்துவிட்டது. உன் சாமான்கள் கிடந்த பச்சைப் பெட்டிக்குள் அளவு நாடா இருந்தது. அதை எடுத்தேன், வேறு ஒன்றையும் தொடவில்லை. பக்கத்து வளவுப் பெடியனைப் பிடித்துக்கொண்டேன், அவனுக்கும் ஒன்பது வயது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஐஸ்பழம் என்று பேச்சு. இதுவரை என் ஓய்வூதியத்தில் பாதி ஐஸ்பழமாகப் போய்விட்டது.

முதல் நாள் வைத்தது மிகச் சாதாரணமானது. கிணற்றுக்கும் மாமரத்துக்கும் இடையில் 24 அடி நீளம், 8 அடி அகலம், நடுவில் ஒரு கோடு. இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு பால்மாப் பேணி. பந்தை எறிந்து மற்றவரின் பேணியை விழுத்த வேண்டும். அவ்வளவுதான். தொடங்கி ஐந்து நிமிடத்தில் பெடியன் தன் பேணியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றான். மூடின கடை மாதிரி. எறிந்து எறிந்து எனக்குத் தோள் விட்டுப்போனது. எல்லோரும் தன் பேணியை அணைத்துக்கொண்டு நின்றால் அங்கே விளையாட்டு ஏது? அடுத்த நாள் ஒவ்வொரு பேணியையும் சுற்றி இரண்டு அடி தள்ளி ஒரு வட்டம் கீறினேன். காக்கிறவர் அதற்குள் கால் வைக்கக்கூடாது. பேணி தனியே நிற்க வேண்டும், நீ அதற்கு முன்னால் நின்று பந்தை மறிக்கலாம்.

அப்போது வேறு சிக்கல். பெடியன் பந்தை விசுக்கி எறிந்தான், அது நேரே வந்து என் முழங்காலில் பட்டது. அம்மா குசினிக்குள் இருந்து ஏசின ஏச்சு உனக்குக் கேட்டிருக்கும். அதனால் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, கீழ்க்கையால்தான் எறிய வேண்டும் என்று வைத்தேன். பந்து மற்றவரின் பக்கத்தில் ஒரு தரம் நிலத்தில் குத்தி எழும்பிய பிறகுதான் பேணியில் பட வேண்டும். குத்தாமல் நேரே பட்டு விழுந்தால் புள்ளி இல்லை. இந்த ஒரு விதியோடு விளையாட்டின் முகமே மாறிவிட்டது, தம்பி. பலம் போய்ப் பதம் வந்தது. எங்கே குத்தினால் எங்கே போகும் என்று பெடியன் நிலத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெடியன் நாய் கடித்த பந்து ஒன்று வைத்திருந்தான், நான் யாழ்ப்பாணம் போய்ப் புதிது ஒன்று வாங்கினேன். நல்ல ரெனிஸ் பந்து என்றால் 254 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து கொங்கிறீற்றில் போட்டால் 135க்கும் 147க்கும் இடையில் எழும்ப வேண்டும், அதுதான் சர்வதேச அளவு. குசினிச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறிப் போட்டுப் பார்த்தேன். புதியது 140, நாய்ப்பந்து 105. "எழுபது வயதில ஏணியில ஏறிப் பந்து போடுற விசர்" என்று அம்மா அயலுக்கெல்லாம் சொல்லி முடித்தார். ஆனால் செம்மண்ணில் நாய்ப்பந்துதான் நன்றாக இருந்தது, புதியது துள்ளித் துள்ளி வேலிக்கு ஓடியது. உங்களுக்குப் புதியதையே வாங்கு. குளிரில் பந்து சோர்ந்துபோகும், எழும்பாது. புல்லிலும் விளையாட வேண்டாம், புல் பந்தைத் தின்றுவிடும். பார்க்கில் கூடைப்பந்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் தார் போட்ட இடம் இருக்கிறது என்று பேரன் சொன்னான், அதுதான் சரி. பேணி கிடைக்காவிட்டால் தண்ணீர்ப் போத்தல். வெறும் போத்தல் காற்றுக்கே விழும், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடு. இங்கே சோளகக் காற்று தூக்கி அடிக்கிறது. பேணிக்குள் மண் போட்டுத்தான் நிறுத்தினேன். ஒரு ஆட்டம் முடிந்தால் பக்கம் மாறுங்கள், ஒருவரே காற்றுக்கு எதிராக நிற்கக்கூடாது.

கூடைப்பந்து என்றதும் ஞாபகம் வருகிறது. அதைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் கனடாவில், உன் ஒன்ராறியோவில் பிறந்தவர், 1861இல், அல்மொன்ட் என்ற ஊரில். நூலகத்தில் வாசித்தேன். அமெரிக்காவில் படிப்பிக்கிறபோது, குளிர் காலத்தில் அடங்காத ஒரு வகுப்பைச் சமாளிக்க 1891 டிசம்பரில் இரண்டு பீச் பழக் கூடையை உயரத்தில் அடித்து, 13 விதி எழுதி ஒட்டினாராம். கூடைகளுக்கு அடி இருந்தது! பந்து விழுகிற ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். ஓவசியர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் அன்றைக்கே அடியை வெட்டியிருப்பார். ஆனால் ஒன்றைக் கவனி. அவருக்கும் முதல் ஆட்டம் சரிவரவில்லை. விளையாடிப் பார்த்துத்தான் திருத்தினார்கள். என் விதிகள் 13க்கு மேலே போகவில்லை, அது எனக்குப் பெருமை.

பிறகு புள்ளி. எங்கள் காலத்துக் கரப்பந்தில் பந்தைப் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி, 15 எடுப்பதற்குள் இருண்டுவிடும். 1990களின் கடைசியில்தான் யார் போட்டாலும் புள்ளி என்று மாற்றினார்கள். மேசைப்பந்திலும் 21 இருந்ததை 2001இல் 11 ஆக்கினார்கள். நான் இன்னும் குறைத்து ஏழு என்று வைத்திருக்கிறேன். 11க்கு விட்டபோது பெடியன் 9–2 என்று பின்னால் நின்றான், அதற்குப் பிறகு அவன் எறியவில்லை, சும்மா பந்தைத் தள்ளினான். ஏழில் முடித்தால் தோற்ற சூடு ஆறுமுன் அடுத்தது தொடங்கலாம். இன்னொன்று, பேணி விழுந்தால் அந்தப் பேணிக்காரருக்குத்தான் பந்து. நிமிர்த்தி வைத்துவிட்டு அவரே எறிய வேண்டும்.

மறித்த பந்தை மறித்த இடத்தில் நின்று எறியலாம், நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. அதனால் முன்னுக்கு வந்து மறித்தால் லாபம், ஆனால் பேணி முதுகுக்குப் பின்னால் தனியே நிற்கும். பந்து உன்னைத் தாண்டி வெளியே போனால் உன் கடைசிக் கோட்டில் நின்று எறி. எல்லாம் படத்தில் இருக்கிறது.

நடுவர் கிடையாது. இரண்டு பேர் மட்டும் நிற்கிற இடத்தில் மூன்றாவது ஆள் எங்கே இருந்து வருவது? பந்து யாருடைய பக்கத்தில் குத்தியதோ அவர் சொல்வதுதான் சொல். மற்றவருக்கு ஏற்காவிட்டால் சண்டை வேண்டாம், அந்த எறியைத் திரும்ப எறியுங்கள். நானும் அம்மாவும் படலையில் நின்று பார்க்கிற ஆட்கள், தம்பி. விசில் எங்களிடம் இல்லை. கேட்காமல் ஊத மாட்டோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து வந்து பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை பிந்தாதே.

ஒரு சிக்கல் கடைசிவரை தீரவில்லை. நான் இந்த வயதிலும் பெடியனை வென்றுவிடுகிறேன். விட்டுக்கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறான், "தாத்தா, நீங்கள் அலாப்பிறியள்" என்கிறான். உனக்கு 39, உன் மகனுக்கு 9. பெரிய ஆளும் சின்ன ஆளும் பொய் இல்லாமல் விளையாடுவது எப்படி? என் கோட்டைத் தள்ளிப் பார்த்தேன், அவனுக்கு இரண்டு எறி கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. நாலைந்து இரவு அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு நாள் விடியப்புறம் நினைவு வந்தது. இந்த விளையாட்டை நான் முதலே பார்த்திருக்கிறேன்.

மீசாலை வீடு. 1995, இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டி வந்து மூன்று கிழமை இருக்கும். ஒரு வீட்டுக்குள் ஆறு குடும்பம். சின்னம்மாவின் விஷயமும் அந்தக் கிழமைதான். நான் காலையில் இருந்து மண்ணெண்ணெய்க்கு நின்று வெறும் போத்தலோடு வந்தேன். நீ மாமரத்துக்குக் கீழே இருந்தாய், கையில் பந்து. சைக்கிள் ரியூப்பை நாடா நாடாவாக வெட்டிச் சீலைத் துண்டின் மேல் சுற்றிய பந்து, கோழி முட்டையிலும் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் வால்வு துருத்திக்கொண்டு நின்றது. எங்களிடம் இருந்த ஒரே மேலதிக ரியூப் அது என்று நினைத்தேன். பிறகு என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். றப்பர் மணத்தில் அன்று இரவு ஒருத்தராலும் சோறு தின்ன முடியவில்லை. நீ அழவில்லை. கிடுகு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இரவு அம்மா சொன்னார், நீ வெட்டியது ஏழு ஒட்டுப் போட்டுக் கழித்த பழையது, நல்லது கூரைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று. இன்னொன்றும் சொன்னார். பகல் முழுக்க நீ கோடு கீறி, ஒரு பக்கம் ஒரு பேணியும் மற்றப் பக்கம் இரண்டு பேணியும் வைத்திருந்தாயாம். "அப்பா பெரியாள், அப்பா ரெண்டு பேணி காக்க வேணும்" என்று சொன்னாயாம். நான் வரும் வரைக்கும் ஒருத்தரையும் விளையாட விடவில்லையாம்.

விடிய எழும்பிப் போய்ப் பார்த்தேன். மழை கோட்டைக் கழுவியிருந்தது. பேணிகள் இல்லை, யாரோ உப்புப் போட எடுத்துவிட்டார்கள். உன்னிடம் வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் என் அப்புவிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவுமில்லை, அவர் என்னிடம் கேட்கவுமில்லை, அப்படியொரு வழக்கம் வீட்டில் இருக்கவில்லை என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ என்னை விளையாடக் கூப்பிடவில்லை. கனடா போகிற அன்றும் சாமானைத்தான் சரிபார்த்தோம். நீ கதைக்காமல் இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் முறைப்பட்டு எழுதியிருக்கிறேன். நீ கதைக்காமல் இருக்கப் பழகியது யாரிடம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த நாள் என் பக்கத்தில் ஐந்து அடி இடைவெளியில் இரண்டு பேணி வைத்தேன். இடம் வலம் என்று ஓடி நாக்குத் தள்ளியது. 7–5, பெடியன் வென்றான். வென்றுவிட்டு ஐஸ்பழத்தையும் மறந்து வீட்டுக்கு ஓடினான் சொல்ல. அவன் தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்றால் என் இரண்டாவது பேணியை எடுக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தேன். அது மட்டும்தான் நான் போட்டது. மற்றது உன்னுடையது, மகனிடம் அப்படியே சொல்லு.

கோண்டாவில் அத்தையின் மகள் செவ்வாய்க்கிழமை திரும்பிப் போகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பருத்தித்துறை வடை இரண்டு பை. ஒன்று உனக்கு, ஒன்றை நீயே கொண்டுபோய் அங்கே கொடு. படம் தனித்தாளில் இருக்கிறது, அளவெல்லாம் அடிக் கணக்கில் போட்டிருக்கிறேன். இரண்டு பேணி கீறியிருக்கிற பக்கம் நீ நிற்கிற பக்கம். விளையாட்டுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. பேரன் வைக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அம்மா ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். நீ இப்போது இருக்கிற அந்த இடத்தில் சமைக்க அடுப்பு இருக்கிறதா?