நாகசாகிக்குத் தனியாக ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிரோஷிமா நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அணுகுண்டுகளே போரை முடித்துவைத்தன என்றும், ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது நியாயமே என்றும் வாதிடுகிறது. வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில் நானும், 'இரண்டு குண்டுகள் விழுந்தன, ஜப்பான் சரணடைந்தது' என்று வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்தவன்தான். அந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான் பிழை என்று பிறகே உணர்ந்தேன்.

கட்டுரையாளரின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த போரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 12,000 பேருக்கு மேல் மாண்டிருந்தனர். நவம்பர் 1 அன்று கியூஷு தீவில் தரையிறங்கத் திட்டமும் இருந்தது. ஜப்பானின் பிடியிலிருந்த ஆசிய நாடுகளில் போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் உயிர்கள் போயின. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத பல்லாயிரம் தமிழர்களின் குடும்பத்தாரிடம், போர் இன்னும் சில மாதங்கள் நீண்டிருக்கலாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், அவை ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் விழுந்த முதல் குண்டுக்கு வேண்டுமானால் முட்டுக்கொடுக்கலாம். ஆகஸ்ட் 9ஆம் தேதி நாகசாகியில் விழுந்த இரண்டாவது குண்டுக்குக் கொடுக்கா.

1945 ஜூலை 25 அன்று பிறந்த அமெரிக்க ராணுவ ஆணை, ஆகஸ்ட் 3 வாக்கில் வானிலை இடம்கொடுத்ததும் முதல் குண்டை வீசவும், அடுத்த குண்டுகளை அவை தயாராகத் தயாராக வீசவும் ஒரே தாளில் அனுமதித்துவிட்டது. ஹிரோஷிமா ஜப்பானியத் தலைமையிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று பார்த்துவிட்டு வாஷிங்டனில் எவரும் நாகசாகியைத் தனியாகத் தீர்மானிக்கவில்லை. 11ஆம் தேதிக்கென்று இருந்த இரண்டாவது தாக்குதல், வானிலை கெடும் என்பதால் இரண்டு நாள் முன்னுக்கு வந்தது. குறிவைத்த கோக்குரா நகரம் மேகமும் புகையும் மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அவ்வாண்டு இறுதிக்குள் அங்கே மாண்டவர்கள் ஏறத்தாழ 70,000 பேர்.

அதே காலையில் டோக்கியோவில் அறுவர் அடங்கிய உயர்மட்டப் போர்க்குழு கூடியிருந்தது. முந்தைய இரவில் சோவியத் ஒன்றியம் போர் அறிவித்து, ஜப்பானின் பிடியிலிருந்த மஞ்சூரியாவுக்குள் படைகளை நுழைத்திருந்தது. மாஸ்கோ வழியாகச் சமரசம் பேசலாம் என்ற நம்பிக்கை அத்தோடு அற்றுப்போயிற்று. சரணடைய, பேரரசர் பதவி நிலைக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதும் என்று மூவரும், ஆயுதக் களைவு, போர்க்குற்ற விசாரணை, ஆக்கிரமிப்பு ஆகியவை குறித்தும் நிபந்தனைகள் வேண்டும் என்று மற்ற மூவரும் பிரிந்து நின்றனர். நாகசாகிச் செய்தி கூட்டத்தின் நடுவில் வந்தது. அதற்குப் பின்னரும் பிளவு மூன்றுக்கு மூன்றாகவே நின்றது. அன்று நள்ளிரவுக்குப் பின் பேரரசர் தலையிட்டதால்தான் முடிச்சு அவிழ்ந்தது. அவர் ஆகஸ்ட் 15 வானொலி உரையில் கொடிய புதுக்குண்டைச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் 17ஆம் தேதி படையினருக்கு விடுத்த செய்தியில் குண்டைப் பற்றிப் பேச்சில்லை, சோவியத் போரில் இறங்கியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒரே ஒரு குண்டுதான் கையிருப்பு என்று ஜப்பான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டாவது தேவைப்பட்டது என்பார்கள். அதை மெய்ப்பிக்க மக்கள் நிறைந்த இன்னொரு நகரம்தான் வேண்டுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஹிரோஷிமாவில் நடந்தது என்ன என்று அறிய ஜப்பானிய ராணுவம் அனுப்பிய குழுவே 8ஆம் தேதிதான் அங்கு போய்ச் சேர்ந்தது. ஓர் அரசு அதிர்ச்சியை உணர்ந்து முடிவெடுக்க மூன்று நாள் போதுமா என்ற கேள்வியைக் கட்டுரையாளர் எழுப்பவேயில்லை.

ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ட்ரூமன், தம் நேரடி அனுமதியின்றி இனி அணுகுண்டு வீசக் கூடாது என்று நிறுத்தி வைத்தார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பதை எண்ணவே பயங்கரமாக இருப்பதாக அவர் கூறியதை வணிகத் துறைச் செயலர் ஹென்றி வாலஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்த உத்தரவை ஆகஸ்ட் 7 அன்றே பிறப்பிப்பதற்கு என்ன தடை இருந்தது என்பதைக் கட்டுரையாளர் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.