பணம் கைக்கு வந்த நாளைக் கணக்கில் வையுங்கள்

தொழிலாளர் சேவைகளின் செயல்திறனை அளந்து அறிக்கையிடும் பொறுப்பிலுள்ள பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சம்பளம் கிடைக்காத ஊழியர் எங்கே முறையிட வேண்டும், சமரசப் பேச்சு எப்படி நடக்கும், அது முறிந்தால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு எத்தனை வாரத்துக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விளக்க நான் இந்த மடலை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மொழிபெயர்த்து உதவும் தொண்டூழியர்களில் ஒருத்தியாக, ஆறு ஆண்டுகள் அவர்களுடைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தவள் என்ற முறையில், ஒரே ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். ஒரு சம்பளக் கோரிக்கை எத்தனை நாளில் தீர்ந்தது என்று கணக்கிடும்போது, அந்தச் சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளில் எண்ணத் தொடங்குங்கள். அது ஊழியரின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த நாளில் நிறுத்துங்கள்.

இதை எழுதத் தூண்டியது சென்ற ஜூலை மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து 'டெஸ்ட் அடித்து', அதாவது வேலைத்திறன் தேர்வில் தேறி, இங்கு வந்து, கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டும் வேலை பார்த்த ஒரு தம்பிக்குப் பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதச் சம்பளமும் ஓ.டி. எனப்படும் மிகைநேர வேலைக்கான பணமும் வரவில்லை. 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்று முதலாளி சொன்னதை நம்பிக் காத்திருந்தவர், வேலை நின்ற பிறகு ஜூன் 12ஆம் தேதி கோரிக்கை பதிவு செய்தார். அவர் கேட்டது 5,840 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஜூலை 17ஆம் தேதி 4,800 வெள்ளிக்கு உடன்பாடு கையெழுத்தானது. மாதம் 1,600 வெள்ளியாக மூன்று தவணையில் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அன்றே கோப்பில் 'முடிவுற்றது' என்று பதிவானது. மறுநாள் அவர் கைத்தொலைபேசிக்கு, சேவை எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தெரிவு செய்யவும் என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல எத்தனை நட்சத்திரம் போட்டா காசு சீக்கிரம் வரும்?" என்று கேட்டார். அதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை, மனத்தில் பட்டதைப் போடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. குறைத்துப் போட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ, தவணை நின்றுவிடுமோ என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, ஐந்தைத் தொட்டார். அவர் கையில் அன்று ஒரு வெள்ளிகூட வந்திருக்கவில்லை. அந்த ஐந்து நட்சத்திரம் இன்று ஏதோ ஒரு சராசரியில் சேர்ந்து, சேவையின் தரத்துக்குச் சான்றாக நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

முதல் தவணை ஜூலை இறுதியில் வந்தது. இரண்டாவது வரவில்லை. மூன்றாவதும் வரவில்லை. அவர் தம் நெகிழிக் கோப்பில் நாள்தோறும் படம் பிடித்து வைத்த டைம் கார்டுகளின் நகல்களுக்குப் பின்னால், இப்போது பதினோரு ஏடிஎம் சீட்டுகளையும் மடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பணம் வந்துவிட்டதா என்று பார்க்கப் போய் எடுத்தவை அவை. கடைசிச் சீட்டில் இருப்பு 14 வெள்ளி 60 காசு. தீபாவளிக்கு ஊருக்கு அனுப்பப் பணமில்லாததால், மூன்று நாள் வீட்டு அழைப்பை எடுக்காமலே இருந்ததாகச் சொன்னார். உடன்பாட்டை நீதிமன்றத்தில் பதிவு செய்து அமலாக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கான படிவத்தையும் கட்டணத்தையும் அலைச்சலையும் சுமக்க வேண்டியவர், ஏற்கெனவே 'முடிவுற்ற' கோப்புக்குச் சொந்தக்காரரான அதே ஆள்தான்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் 14 நாளுக்குள் ஓ.டி. பணமும் தரப்பட வேண்டும் என்பது வேலை நியமனச் சட்டம். அப்படியானால் அவருடைய பிப்ரவரிச் சம்பளம் மார்ச் 7ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். நான் இதை எழுதும் நவம்பர் 2ஆம் தேதியோடு 240 நாள் ஆகிறது. கோப்பின்படி அவருடைய விவகாரம் 35 நாளில் தீர்ந்தது. ஒரே மனிதரின் ஒரே பணத்துக்கு இரண்டு கணக்குகள் இருக்கும்போது, அறிக்கையில் ஏறுவது எப்போதும் சிறிய எண்ணாக இருப்பது எப்படி நியாயமாகும்?

2017ஆம் ஆண்டு ஏப்ரலில் நடுவர் மன்றங்களும் அவற்றுக்கு முந்திய சமரசப் படியும் நடப்புக்கு வந்ததால், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியில்லாத எத்தனையோ பேருக்கு வழி பிறந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. கவுன்ட்டரில் பொறுமையாகப் பேசி, மதிய உணவைத் தள்ளிப்போட்டு உதவிய அதிகாரிகளை நேரில் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் வெளியாகும் வேலை நியமனத் தரநிலை அறிக்கை, 1,000 ஊழியருக்கு எத்தனை சம்பளக் கோரிக்கை எழுந்தது, எத்தனை விழுக்காடு எவ்வளவு காலத்தில் முடிந்தது, எத்தனை பேர் பணத்தை மீட்டனர் என்பதைப் பொதுமக்கள்முன் வைக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் அளவுகோல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அங்கேதான் அதிகாரிகளின் கவனமும் அவர்களுடைய மேலாளர்களின் கவனமும் நிற்கும். கையெழுத்தில் கணக்கு முடிந்தால் எல்லாரும் கையெழுத்துக்காகத்தான் உழைப்பார்கள். மூன்று மாதம் கழித்து வரவேண்டிய தவணையை யார் தொடர்ந்து விசாரிப்பார்கள்?

வேலையிடப் பாதுகாப்பில் நாம் இப்படி அளப்பதில்லை. 2022ஆம் ஆண்டு வேலையிட விபத்துகளில் 46 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில், கண்காணிப்பை இறுக்கும் உயர்நிலைப் பாதுகாப்புக் காலக்கட்டம் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு மே இறுதிவரை நீடித்தது. 2023இல் இறந்தவர்கள் 36 பேர். 1 லட்சம் ஊழியருக்கு 0.99 என்று விகிதம் குறைந்தது. 2024இல் எண்ணிக்கை மீண்டும் 43க்கு ஏறியபோது, அதுவும் ஒளிவுமறைவில்லாமல் வெளியிடப்பட்டது. எத்தனை பாதுகாப்புக் கூட்டம் நடந்தது, எத்தனை சுவரொட்டி ஒட்டப்பட்டது என்பதைக் காட்டி யாரும் ஆறுதல் அடையவில்லை. எத்தனை உயிர் என்றே கேட்டார்கள். அதேபோல, 2020 செப்டம்பர் முதல் ஒரு நாள் மருத்துவ விடுப்பு தரப்பட்ட வேலைக் காயத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று விதி மாறியபோது, அதுவரை கணக்குக்கு வெளியே இருந்த காயங்கள் கணக்குக்குள் வந்தன. உயிருக்கும் காயத்துக்கும் காட்டிய அதே நேர்மையைச் சம்பளத்துக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் எந்த எண்ணிக்கையிலும் இல்லை. வேலையில் இருப்பவர் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் கோரிக்கை வைக்க வேண்டும். பர்மிட் (வேலை அனுமதி) ரத்தாகிவிடும் என்ற பயத்தில் வாய் திறக்காமல் பதினாறு மாதம் காத்திருந்து, முதல் நான்கு மாதச் சம்பளத்தைக் கேட்கும் உரிமையையே இழந்தவர்களுக்கு, அந்தச் செய்தியை மொழிபெயர்த்துச் சொன்னவள் நான். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருக்க, போதும் என்று பாதியில் விமானம் ஏறிப் போனவர்களும் உண்டு. காலம் கடந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பாதியில் கைவிட்டவர்கள் என்று அவர்களுக்கும் ஒரு வரி அறிக்கையில் வேண்டும். சேவை யாரைச் சென்றடையவில்லை என்பதைக் காட்ட வேறு வழியில்லை.

சராசரியை மட்டும் தராதீர்கள் என்பதும் என் விண்ணப்பம். மூன்று வாரத்தில் பணம் பெற்ற ஒன்பது பேரோடு 240 நாள் காத்திருக்கும் ஒருவரைச் சேர்த்துக் கலக்கினால், அந்த ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார். மிக நீண்ட நாள் காத்திருந்த பத்தில் ஒரு பங்கினர் எத்தனை நாள் காத்திருந்தனர் என்பதைத் தனியே வெளியிடுங்கள். நட்சத்திரக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டுமென்றால், பணம் வந்து சேர்ந்த பிறகு, அவருக்குப் புரியும் மொழியில், கோப்பைக் கையாண்ட அலுவலகம் அல்லாத வேறொருவரைக் கொண்டு கேளுங்கள். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. வங்காளமும் பர்மிய மொழியும் பேசும் ஊழியர்களுக்கும் இதே அக்கறை தேவை.

கோபத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழி சுமத்த வேண்டும் என்பது என் நோக்கமில்லை. அடுத்த ஆண்டறிக்கை தயாராகும்போது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் இரண்டு தேதிகளைப் பதிவு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: சம்பளம் வந்திருக்க வேண்டிய தேதி, முழுப் பணமும் வந்து சேர்ந்த தேதி. இரண்டாவது தேதி காலியாக இருக்கும்வரை, அந்தக் கோப்பின்மேல் 'முடிவுற்றது' என்று எழுத வேண்டாம். அந்தத் தம்பிக்கு இன்னும் 3,200 வெள்ளி வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தேக்காவில் மொழிபெயர்த்து உதவும் ஒரு தொண்டூழியர்